கடைசி ஐந்து விநாடி

ஈபே தளத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா ஏழு நாள் ஏலத்துக்கு வருகிறது. ஆறு நாளும் விலை மெல்ல நகர்கிறது. ஏலம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது, அதுவரை தலைகாட்டாத ஒருவர் வந்து பொருளைத் தட்டிக்கொண்டு போகிறார். காத்திருந்தவருக்கு அது அநியாயமாகப் படும். உண்மையில் அந்த ஏலத்தின் விதியே ஆட்களைக் கடைசி விநாடிக்குத் தள்ளுகிறது.

பியர் ஒமிட்யார் 1995இல் தொடங்கிய இந்தத் தளத்தில் முதலில் விலைபோனது பழுதான லேசர் பாயின்டர் ஒன்று. விலை 14.83 டாலர். உடைந்த சாமானுக்கும் எங்கோ ஓர் ஆள் இருப்பார் என்பது முதல் விற்பனையிலேயே தெரிந்துபோயிற்று. அந்த ஆள் எவ்வளவு தருவார் என்பதைக் கறந்தெடுக்கும் முறைதான் சுவாரசியமானது.

தளம் கேட்பது ஒரே கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? 90 டாலர் என்று பதிந்தால் உடனே 90 ஆகிவிடாது. நம்பகமான கணக்குப்பிள்ளையை ஏலத்துக்கு அனுப்பி, "தொண்ணூறு வரைக்கும் போகலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு காசு ஏற்றாதே" என்று சொல்லிவிட்டதற்குச் சமம் அது. மற்றவரின் உச்சம் 60 என்றால் 61இலேயே பொருள் கிடைத்துவிடும். மீதி 29 டாலர் மனதில் இருந்தது யாருக்கும் தெரியாது.

ஜெயித்தவர் தன் விலையைக் கொடுக்காமல் இரண்டாமவரின் விலையையொட்டிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை, பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து எழுதினார். இப்படி ஒரு விதி இருந்தால் மனதிலுள்ள மதிப்பை அப்படியே சொல்வதுதான் லாபம், குறைத்துச் சொல்லிப் பயனில்லை என்று காட்டினார். 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலமானார். ஆனால் அவர் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே தபால்தலை வியாபாரிகள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1893இலேயே இம்முறையில் ஏலம் நடந்தது. நேரில் வர முடியாத சேகரிப்பாளர்கள் தங்கள் உச்ச விலையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். உறைகளைத் திறந்து பார்த்து, அதிகம் எழுதியவருக்கு இரண்டாமவர் எழுதிய விலையையொட்டிக் கொடுப்பார்கள். கணிதக் கோட்பாடு எழுதப்படும் முன்பே பிறந்த ஏற்பாடு அது. இன்றைய ஏலத் தளங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வியாபாரிகளை யாரும் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும்.

அப்படியானால் முதல் நாளே 90 என்று பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? எல்லோரும் ஒரே தடவை யோசித்து விலை சொல்பவர்களாக இருந்தால் இருக்கலாம். ஆனால் புதியவர் ஒருவர் 60 போடுகிறார். திரை 61 காட்டுகிறது. ரோஷம் வந்து 65 போடுகிறார், 66 ஆகிறது. 70, 80 என்று ஏறி, கடைசியில் 95 போட்டு 91க்குப் பொருளை எடுத்துவிடுகிறார். முதலில் பதிந்தவர் தன் உச்ச விலையைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே தோற்றார். அதே 90ஐக் கடைசி ஐந்து விநாடியில் பதிந்திருந்தால், புதியவரின் 60க்கு எதிராக 61இல் கதை முடிந்திருக்கும். ரோஷப்பட நேரமே கிடைத்திருக்காது. இணையம் தடுக்கினால் கடைசி விநாடிப் பதிவு போய்ச்சேராமலும் போகலாம். அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அப்போது அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் கெடு மேலும் பத்து நிமிடம் நீளும். ஈபேயில் கெடு கெடுதான். ஈபேயின் பழங்கலைப் பொருள் ஏலங்களில் 59 சதவீதமும் கணினி ஏலங்களில் 40 சதவீதமும் கடைசி ஐந்து நிமிடத்தில் விலை ஏறின. அமேசானில் சுமார் 3 சதவீதம்தான். பழங்கலைப் பொருளில் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் உண்டு: அதன் மதிப்பு அறிந்தவர் முன்கூட்டியே விலை கேட்டால், அதைப் பார்த்தே மற்றவர்களும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்.

வருத்தம் தருவது இன்னொரு ஆய்வு. உல்ரிக்கே மால்மென்டியரும் யங் ஹான் லீயும் ஈபேயில் ஒரே பலகை விளையாட்டின் ஏலங்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். அதே பொருள் அதே தளத்தில் நிலையான விலைக்கும் கிடைத்தது. ஆனாலும் 42 சதவீத ஏலங்கள் அந்த விலையைத் தாண்டின. தபால் செலவையும் சேர்த்தால் 73 சதவீதம். பக்கத்திலிருந்த விலைச்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் உழைத்த பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்.

எனவே வேலை கடைசி விநாடியில் இல்லை, அதற்கு முந்தைய ஆறு நாளில் இருக்கிறது. அதே ரகக் கேமரா அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று முடிந்த ஏலங்களைத் தேடிப் பார்க்கலாம். விற்பவர் "சோதித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் ஓடாத கேமரா என்றே கணக்கிடுவது நல்லது. பின்கதவு விளிம்பில் வெளிச்சம் புகாமல் ஒட்டிய நுரைப்பஞ்சு பழசானால் பிசுபிசுத்து உதிரும். லென்ஸுக்குள் பூஞ்சை படரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, புரியாததைக் கேட்டு எழுதலாம். பழுதுக்கும் தபாலுக்கும் 25 டாலர் ஒதுக்கினால் மனதிலிருந்த 90, 65 ஆகிவிடும். பதிய வேண்டிய எண் அதுதான்.