காவிரியோடு கடல்வரை: ஒரு விடுமுறைப் பிரயாணத் திட்டம்

பிரயாணம் கல்வியின் ஒரு பகுதி என்பதை ஒப்பாதார் இலர். ஆயினும் விடுமுறை வந்தவுடன் மூட்டை கட்டிப் புறப்படும் மாணாக்கருட் பலர், பணத்தையும் பொழுதையும் செலவிட்டுக் களைப்பொன்றையே கொண்டு திரும்புகின்றனர். யானும் அவருள் ஒருவனாய் இருந்தவனே. நண்பர் அறுவருடன், நான்கு நாட்களிற் பதினோரிடங்களைக் காணக் கருதி ஒருமுறை பென்னாகரத்தினின்றும் புறப்பட்டேன். இரண்டு இரவுகள் பேருந்திலேயே கழிந்தன. கடற்கரையை அடைந்தபோது இருட்டிவிட்டது. அலையோசையைக் கேட்டோமேயன்றிக் கடலைக் கண்டோமில்லை. அதுகாறும் கடலையே கண்டிராத தோழன் ஒருவனின் முகம் அன்று வாடியதே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

எங்கள் பிழை யாது? இடங்களைத் தொகுத்தோம், அவற்றைக் கோக்கும் நூலொன்றைத் தேடினோமில்லை. மணிகள் எத்துணை அழகியவாயினும் நூலின்றி மாலையாகா. பென்னாகரத்தார்க்கு அந்நூல் வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றது. அதுவே காவிரி.

நம் ஊருக்கு மேற்கே காவிரி வீழும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் அப்பெயருக்குப் புகையும் பாறை என்பது பொருள். ஆண்டுதோறும் வெள்ளம் பெருகி ஓடினும், ஆறு ஆழ்ந்த பள்ளத்திற் செல்வதால் நம் மேட்டு நிலங்கள் வானத்தையே நோக்கிக் கிடக்கின்றன. நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு உப்பு பற்களையும் எலும்புகளையும் கெடுத்து வந்தமையால், 2013-ஆம் ஆண்டிலே தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகவே அவ்வாற்று நீர் நம் மாவட்டத்தாரின் குடங்களை வந்தடைந்தது. நம்மருகே ஓடியும் நம் வயலை நனையாத இந்நதி எங்கே செல்கின்றது? யாருக்குப் பயன்படுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்வதே யான் கூறும் யாத்திரை.

இனிக் காலத்தைத் துணிதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் சோழ மண்டலக் கரையிற் பெருமழைக்கும் புயலுக்கும் உரியவை. 2018 நவம்பரிலே வேதாரணியத்தருகே கரையைக் கடந்த கஜா புயல் அப்பகுதியைப் பாழாக்கியது. கோடையிலோ ஆற்றில் நீரிராது; வலசை வந்த பறவைகளும் சென்றுவிடும். மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது. அதினின்றும் பாசனத்திற்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் விடுதல் வழக்கம். நீர்வளம் குன்றிய ஆண்டுகளில் இவ்வழக்கம் மாறுவதுண்டு. ஆதலின் பொங்கல் விடுமுறையே தக்க காலம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், கால்வாய்களில் நீர் ஓடும், சம்பா அறுவடை நிகழும், பறவைகளும் தங்கியிருக்கும்.

புறப்படுமுன் ஒரு சனிக்கிழமை ஒகேனக்கலிற் பரிசலேறி அருவியைக் கண்டு வருக. வெள்ளக் காலத்திற் பரிசல் ஓட்டார். இப்பக்கத்துக் காவிரிக் காடுகள் 2022-இல் காவிரி தென் வனவுயிரின சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. யானையும் நீர்நாயும் முதலையும் வாழும் இடமாதலின் விலக்கிய துறைகளில் இறங்கற்க.

முதல் நாள் தருமபுரி, சேலம், நாமக்கல் வழியே திருச்சிராப்பள்ளி சேர்க. அதற்கு மேற்கேயுள்ள முக்கொம்பில் ஆறு காவிரியென்றும் கொள்ளிடமென்றும் பிரிகின்றது. தாழ்ந்த கொள்ளிடம் நீரையெல்லாம் ஈர்த்துக்கொண்டமையால், 1836-இல் ஆர்தர் காட்டன் ஆண்டு மேலணை கட்டினார். அதன் ஒரு பகுதி 2018-இல் வெள்ளத்தில் இடிந்தபின் புதிய கதவணை எழுந்துள்ளது.

இரண்டாம் நாட் காலையிற் கல்லணையைக் காண்க. கரிகாலன் பெயரோடு வழங்கும் இவ்வணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகின்றது. நம் வினாவின் பாதி விடை இங்கே கிடைக்கும். பின்னர்த் தஞ்சை நகரம். இராசராசன் 1010-இல் முடித்த பெரிய கோயிலையும் சரசுவதி மகால் நூல்நிலையத்தையும் பார்க்க ஒரு பிற்பகல் வேண்டும். அதனைக் குறைத்தல் கூடாது.

மூன்றாம் நாள் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். ஒகேனக்கலில் முழங்கிய நதி ஈண்டு ஒரு வாய்க்காலின் அளவினதாய் ஓசையின்றிக் கடலிற் கலக்கக் காண்பீர். முதற் கணம் நெஞ்சு துணுக்குறும். வழிநெடுகக் கண்ட நெற்கதிர்களை நினைந்தவுடன் தெளிவு பிறக்கும். ஆறு அழிந்ததன்று, வயல்தோறும் பங்கிடப்பட்டது. அன்று மாலை அருகிலுள்ள தரங்கம்பாடியில் தேனியர் 1620-இல் எழுப்பிய டேன்சுபர்க்குக் கோட்டையைக் காண்க. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சுப்பணியை வளர்த்ததும் இவ்வூரிலேயே.

நான்காம் நாள் நாகப்பட்டினத்தைக் கடந்து வேதாரணியம். 1930 ஏப்பிரலில் இராசாசியும் தொண்டரும் திருச்சிராப்பள்ளியினின்றும் நடந்து வந்து உப்பெடுத்த கரை இது. உப்பளங்கள் இன்றும் உள. அடுத்துள்ள கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். 2002-இல் ராம்சார் ஈரநிலமும் ஆயிற்று. மாலையிலும் மறுநாள் விடியலிலும் புல்வெளியில் வெளிமான்களையும் சதுப்பிற் பூநாரைகளையும் தேடுக. வனத்துறையாரின் அனுமதியை முன்னரே பெறுதலும், அமைதியாய் நிற்றலும், வண்ணம் மங்கிய உடை உடுத்தலும் வேண்டும். காணக் கிடையாவிடின் வருந்தற்க. விலங்குகள் நம் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டவையல்ல. ஐந்தாம் நாள் தஞ்சை வழியே ஊர் திரும்பலாம்.

செலவைப் பற்றி ஒரு சொல். இருபதின்மர் கூடி ஒரு வாகனம் அமர்த்தின் தலைக்கு வரும் பங்கு குறையும். பங்கு கொடுக்க இயலாத தோழன் ஒருவனையேனும் உடன் அழைத்துச் செல்லும்படி கணக்கிடுக. இரவிற் பயணஞ் செய்யற்க. கடல் பழகாதார் மேட்டு நிலத்து மாணாக்கர். ஆகவே முழங்காலளவிற்கு மேல் நீரில் இறங்கற்க. ஒவ்வொரு நாளும் ஒரு நாழிகையேனும் வேலையின்றி நிற்க இடம் வைத்துக்கொள்க.

அன்று வாடிய தோழனுடன் யான் மறுமுறை இவ்வழியே சென்றேன். பூம்புகாரிற் பட்டப்பகலிற் கடலைக் கண்ட அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இது நம்மூர்த் தண்ணீர்" என்றான். அவ்வொரு வாக்கியத்தைக் கூறும் உரிமை நம் மாணாக்கர் அனைவர்க்கும் கிட்டுவதாக.