தூக்கிப்போட்ட காற்றாடியில் என்ன மிச்சம்?

தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் பூச்சோங் அடுக்குமாடிகளின் குப்பை போடும் இடத்தைப் பாருங்கள். நிற்கும் காற்றாடி, ரைஸ் குக்கர், பழைய ரவுட்டர், ஒயர் சுற்றிய அடாப்டர்கள் எல்லாம் குவிந்து கிடக்கும்.

எல்லாம் கெட்டுப்போனவைதானே என்று கேட்பீர்கள். ஒரு சாமான் ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே ஓர் உறுப்புதான் காரணம். மற்றவை நன்றாகவே இருக்கும்.

முதலில் எதைப் பார்ப்பது? பிளக்கை. நம் ஊர் மூன்று முனை பிளக்கினுள் ஃபியூஸ் (மின்சாரம் அளவு மீறினால் அறுந்துபோகும் சிறு குழல்) இருக்கிறது. முனைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திருப்புளியால் நெம்பினால் வெளியே வரும். அது மட்டும் போயிருந்தால், நல்ல சாமானைத் தூக்கிப்போட இருந்தீர்கள் என்று அர்த்தம். மாற்றும்போது காற்றாடிக்கு 3 ஆம்ப் போதும். 13 ஆம்ப், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறும் சாமான்களுக்கு உரியது.

காற்றாடி 'உம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. என்ன கோளாறு? பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சில் எண்ணெய் வற்றிவிட்டது. துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே ஓடலாம். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி, மோட்டார் கிளம்ப உதவும் உறுப்பு) மேல் சந்தேகப்படுங்கள். மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் இரண்டு ஒயர்களோடு தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி தெரியும். அதில் 1.5 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்பதுபோல் அச்சிட்டிருக்கும். மைக்ரோஃபாரட் எண் அப்படியே ஒத்துப்போக வேண்டும். வோல்ட் குறையக் கூடாது. கழற்றிய உடனே அதன் ஒயர் முனைகளைத் தொடாதீர்கள்.

புதியது எங்கே கிடைக்கும்? கோலாலம்பூர் புடு பகுதியின் ஜாலான் பசாரில், மின்னணு உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில். 2016இல் எல்.ஆர்.டி. ரயில் தடம் பூச்சோங்குக்கு நீண்டபிறகு இது எளிது: ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறாமல் புடுவில் இறங்கலாம். பழைய கெப்பாசிட்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். விலை சில வெள்ளிதான்.

முனகல்கூட இல்லாமல் செத்துக் கிடந்தால், மோட்டாருக்குள் சூட்டு ஃபியூஸ் அறுந்திருக்கலாம். அதை எடுத்துவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மோட்டார் அளவு மீறிச் சூடேறினால் தடுக்க இருப்பது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு இரவு முழுக்கக் காற்றாடியைப் போட்டுத் தூங்குவது, நெருப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்குவது. ரைஸ் குக்கருக்கும் இதே பேச்சுதான். மோட்டார் போன காற்றாடியிலிருந்து இறக்கை, வலை, அடித்தட்டு, கழுத்துத் திருகு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அதே மாடலுக்கு நாளை அவைதான் தேவைப்படும்.

என்னைக் கேட்டால், வீட்டில் அதிகம் பயன்படுவது பழைய அடாப்டர்தான். எந்த அடாப்டர் எதற்குப் பொருந்தும்? முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். வெளியே வரும் வோல்ட் சாமானுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்: 9 வோல்ட் சாமானில் 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடலாம். ஆம்ப் அதேயளவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஏனென்றால் சாமான் தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும். 1 ஆம்ப் ரவுட்டருக்கு 2 ஆம்ப் அடாப்டர் தாராளமாகப் போதும். மூன்றாவதாக, நடுவில் புள்ளியும் இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் உள்ள குட்டிப் படம். சாமானில் உள்ள படமும் அடாப்டரில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எதைத் திறக்கவே கூடாது? மைக்ரோவேவ் அடுப்பை. அதன் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 2,000 வோல்ட் தேங்கும். பிளக்கைக் கழற்றியபிறகும் அடித்து ஆளைக் கொன்றுவிடும். கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பெட்டித் தொலைக்காட்சியும் அப்படித்தான். உப்பிய கைப்பேசி பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். லாரியில் நசுங்கும்போது அங்கேயும் அதுதான் நடக்கும்.

மிச்சத்தைப் பழைய சாமான் லாரிக்குக் கொடுக்கலாமா? இரும்பு, அலுமினியம் என்றால் கொடுங்கள். மின்பலகைகளும் பேட்டரிகளும் வேறு. 2022இல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். செம்புக்காக ஒயரை எரித்தால் வரும் நச்சுப்புகை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். ஆகவே இவற்றை மின்கழிவுக்கென்று உள்ள சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டால் பக்கத்து மையம் எது என்று தெரியும். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். கணினியாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை (கோப்புகளைச் சேமிக்கும் தகட்டுப் பெட்டி) முதலில் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அதற்குள் இன்னும் இருக்கும்.