ஓடாத படமும் நல்ல படமும்

2003 பொங்கலுக்கு 'அன்பே சிவம்' வந்தபோது 'தூள்' ஏற்கெனவே தியேட்டர்களைக் கலக்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டுதான் 'பஞ்சதந்திரம்' பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருந்தோம். அதே கமல், கூடவே 'அலைபாயுதே' மாதவன், இயக்கம் சுந்தர். சி என்றால் பண்டிகைக்கு வேறென்ன வேண்டும்? திரையில் வந்து நின்றவரோ தடித்த கண்ணாடியும் முகத்தில் தழும்பும் தாங்கித் தாங்கி நடக்கிற காலுமாக ஒரு கம்யூனிஸ்ட். கூட்டம் ஒட்டவில்லை, படம் படுத்துவிட்டது.

இன்று அந்தப் படத்தைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். டிவியில் எத்தனையாவது முறை ஓடினாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்கிறார்கள். படம் வந்த நேரத்தில் பிறந்தே இராதவர்களும் கமல் நடித்த நல்லசிவத்தின் வசனங்களை ஒப்பிக்கிறார்கள். நடுவில் படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை.

படத்தில் சுனாமி பற்றிய பேச்சு வருவதை வைத்து, 2004 டிசம்பரை முன்கூட்டியே சொன்ன படம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தற்செயல் எதையும் நல்ல படமாக்கிவிடாது. இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் நடித்த அன்பரசு ரத்தம் கொடுக்கிறான். ஆம்புலன்ஸில் கூடவே போகிறான். போகிற வழியிலேயே பையன் இறந்துவிடுகிறான். அதுவரை அலட்டலும் அவசரமுமாகத் திரிந்தவன் அங்கே நொறுங்கிப்போகிறான். புவனேஸ்வரில் மழையில் மாட்டிக்கொண்டதிலிருந்து அவனும் நல்லசிவமும் அடித்த கிண்டலும் போட்ட சண்டையும் எதற்காக என்று அந்த இடத்தில்தான் தெரிகிறது. கமலின் கதையும் மதனின் வசனமும் நம்மைச் சிரிக்கவைத்தபடியே அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. இந்த வேலைப்பாடு முதல் நாளே படத்தில் இருந்ததுதான். விசிலடிக்க வந்த கூட்டத்துக்கு அன்று அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவர்கள்மீது தப்பில்லை. பண்டிகை நாளில் காசு கொடுத்து வந்தவர்களுக்குச் சிரிப்பைக் கேட்கிற உரிமை உண்டு.

குறையே இல்லாத படமா என்றால், இல்லை. காதல் ஃப்ளாஷ்பேக் நீளம். நாசர் எவ்வளவு பிரமாதமாக நடித்தாலும் கந்தசாமிப் படையாட்சி கெட்டவனாக மட்டுமே எழுதப்பட்டவர். தோற்ற படமெல்லாம் காலம் கடந்து கும்பிடப்படும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை தோற்றதற்குக் காரணம் அவை மோசமான படங்கள் என்பதுதான்.

அன்று ஒரு படத்தின் தலையெழுத்து டீக்கடைப் பேச்சிலும் டிக்கெட் கவுன்ட்டரிலும் முடிவாக ஒரு வாரமாவது ஆகும். இன்று இடைவேளை முடிவதற்குள் யூடியூபில் தீர்ப்பு வந்துவிடுகிறது. 2024-இல் தயாரிப்பாளர்கள் படம் வெளியாகி முதல் 3 நாட்களுக்கு விமர்சனம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை, தராததே சரி. 'அன்பே சிவம்' தோற்ற நாளில் யூடியூபே கிடையாது. மக்கள் தாங்களாகவேதான் அதைக் கைவிட்டார்கள். பிறகு தாங்களாகவேதான் தேடியும் வந்தார்கள்.

ஆனால் தேடிவந்த அன்பு, பணம் போட்டவரின் கணக்கில் வரவாகவில்லை. அந்தத் தோல்வியால் பட்ட சிரமங்களை சுந்தர். சி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2003-லேயே அவர் 'வின்னர்' எடுத்தார். அதில் வந்த கைப்புள்ளயைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. அதன்பிறகு எத்தனையோ படங்கள் இயக்கிவிட்டார். 'அன்பே சிவம்' மாதிரி இன்னொன்றை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.