புள்ளியால் அமைந்த எழுத்து

காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே சில கல் தொலைவு சென்றால் தரங்கம்பாடி வரும். 1706-ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க் பாதிரியார் நடத்திய அச்சுக்கூடத்துக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை; காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. ஈய எழுத்தின் இயல்பு அது. அளவு மாற வேண்டுமானால் எழுத்தையே புதிதாக வார்க்க வேண்டும்.

கணிப்பொறியால் நூல்களைக் கோக்கத் தொடங்கிய நாளில் இதே தொல்லை வேறோர் உருவில் திரும்பி வந்தது. அதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். இது எனக்குப் புத்தக அறிவாக மட்டும் வந்ததன்று. காலஞ்சென்ற நண்பர் ஒருவருக்கு நான் பட்டிருந்த கடனாலும் வந்தது.

மாணவ மாணவியரே, மார்கழி மாதத்து வாசலில் புள்ளிக்கோலம் இடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோடு போடாமல், புள்ளிகளை மட்டும் மிக நெருக்கமாக வைத்தே ஓர் எழுத்தின் வடிவத்தைக் காட்ட முடியுமா? முடியும். அதுவே பிட்மேப் எழுத்து. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைக்கும் அச்சுப்பொறியில், பத்துப் பாயிண்டு அளவு என்பது ஏறத்தாழ 41 புள்ளி உயரம். அந்தக் கட்டங்களில் எது கறுப்பு, எது வெள்ளை என்ற குறிப்பே எழுத்து. 600 புள்ளி வைக்கும் பொறியிடம் இதே குறிப்பைக் கொடுத்தால் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். சுருங்காதிருக்க ஒவ்வொரு புள்ளியையும் நான்காக்கினால் வளைவுகளெல்லாம் படிக்கட்டுப் போல் தெரியும். ஹாலே நகரத்து ஈயத்தின் கதைதான்.

1977-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிப்பொறியியல் பேராசிரியர் டொனால்டு கனூத், தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்தார். எழுத்துக்கள் அத்துணை அழகற்றிருந்தன. மற்றவராயின் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பர். அவரோ, நூல் கோப்பதற்கு ‘டெக்’ என்னும் நிரலையும், எழுத்து வரைவதற்கு ‘மெட்டாஃபாண்ட்’ என்னும் நிரலையும் தாமே எழுதினார். மெட்டாஃபாண்டுக்கு எழுத்தின் வளைவுகளைக் கணக்காகச் சொன்னால், வேண்டிய பொறிக்கு வேண்டிய புள்ளிகளை அது இட்டுத் தரும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாமஸ் ரிட்ஜ்வே என்பார் இம்முறையில் தமிழ் எழுத்துக்களையும் ஆக்கினார்.

புள்ளிகளை அப்படியே எழுதிவைத்தால் அக்காலத்துச் சிறிய வட்டுகள் கொள்ளா. ஆகவே 1985-இல் டாமஸ் ரோகிக்கி என்பவர் அவற்றைச் சுருக்கி மூட்டை கட்ட ஒரு முறை வகுத்தார். அதற்குப் பி.கே. கோப்பு என்று பெயர். நம் ‘ப’ எழுத்தைக் கொண்டே அதை விளக்கலாம். அகலம் 26 புள்ளி, உயரம் 30 வரி என்று கொள்ளுங்கள். மொத்தம் 780 புள்ளிகள். முதல் வரியில் 4 கறுப்பு, 18 வெள்ளை, 4 கறுப்பு. ‘இவ்வரி மேலும் 26 முறை’ என்று ஒரு குறிப்பு. பிறகு மூன்று வரி முழுவதும் தொடர்ந்து கறுப்பு. முடிந்தது ‘ப’! சந்தையில் தேங்காயை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ‘இத்தனை கூறு’ என்று எண்ணுவதைப் போன்றது இது. சுழியும் வளைவும் மிகுந்த ‘ஞ’ போன்ற எழுத்தில் இச்சிக்கனம் குறையும். சுருக்கியும் பயனில்லை என்று கண்டால் புள்ளிகளை அப்படியே எழுதவும் அம்முறையில் இடமுண்டு.

இனி என் கடனுக்கு வருகிறேன். என்னுடன் பணியாற்றிய மூத்த தமிழாசிரியர் ஒருவர் 1990-களின் தொடக்கத்தில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் முதலிய மீனவர் ஊர்களில் மாலைதோறும் உட்கார்ந்து சொற்களைச் சேகரித்தார். காற்றின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீன்வகைகள் எல்லாம் பேச்சில் ஒலித்தபடியே பதிவாயின. கணிப்பொறி கற்றுவந்த அவர் மகன் மெட்டாஃபாண்டில் தானே ஒரு தமிழெழுத்து வரைந்து, அச்சொற்களைக் கோத்துக் கொடுத்தான். புத்தகம் வெளிவரவில்லை. நண்பர் மறைந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அவருக்குச் சொல் கொடுத்த முதியோர் சிலரும் அன்று போயினர். எஞ்சியவை மூன்று நெகிழ்வட்டுகள். அவற்றில் தட்டச்சு செய்த மூலம் இல்லை. எழுத்து வரைந்த கணக்கும் இல்லை. பக்கங்களின் கோப்பும் பி.கே. கோப்பும் மட்டுமே இருந்தன.

கோப்பின் பெயர்கள்கூடச் சிதைந்திருந்தன. ஆயினும் எது எதுவென்று அறிவது கடினமன்று. கணிப்பொறிக் கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் வரிசை. முதலிரு எண்கள் 247, 89 என்றிருந்தால் அது பி.கே. கோப்பு. 247, 131 என்றால் மெட்டாஃபாண்ட் நேராக ஈன்ற ஜி.எஃப். கோப்பு. 247, 2 என்றால் டெக் கோத்த பக்கங்கள். எந்தப் பொறிக்கு ஆக்கியது என்பதும் உள்ளேயே எழுதியிருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு இத்தனை புள்ளி என்று இருக்கும் எண்ணை 72.27-ஆல் பெருக்கினால் அங்குலக் கணக்கு வரும். எங்கள் கோப்பில் 4.15, ஆகவே 300.

மூட்டையை அவிழ்க்கும் நிரல்கள் இன்றும் டெக் தொகுப்போடு இலவசமாகவே கிடைக்கின்றன. ‘பிகேடைப்’ உள்ளிருப்பதை விவரித்துச் சொல்லும். ‘பிகேடுபிஎம்’ ஒவ்வோர் எழுத்தையும் படமாக இட்டுக் காட்டும். என் பழைய மாணவர் ஒருவர் அதை இயக்கியபோது, இருண்ட திரையில் முதலில் வந்தது ‘அ’. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். புள்ளியெழுத்தின் விளிம்பைத் தடம்பிடித்து, எந்த அளவுக்கும் பெருகும் கோட்டெழுத்தாக்கும் நிரல்களும் உண்டு. ஆனால் 41 புள்ளி உயரத்தில் ‘ண’, ‘ன’ இவற்றின் சுழிக்குள் ஓரிரு வெண்புள்ளிகளே இருக்கும். தடம்பிடிக்கும்போது சுழி அடைபட்டுவிடுகிறது. அவற்றைக் கையால் திருத்தினோம்.

மெய்யான தொல்லை அதற்குப் பின்னரே தொடங்கிற்று. பி.கே. கோப்புக்கு வடிவம் தெரியும், பெயர் தெரியாது. 97-ஆம் இடத்தில் இன்ன புள்ளிகள் என்று சொல்லுமேயன்றி, அது ‘க’ என்று சொல்லாது. பக்கக் கோப்பும் ‘97-ஐ இங்கே வை’ என்பதோடு நின்றுவிடும். எந்த எண் எந்த எழுத்து என்று பட்டியல் எழுதத் தமிழ் படித்த கண் வேண்டும். அதை எழுதினேன், இரண்டு மாலைகள் பிடித்தன.

அச்சுக்கோப்பவர் ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என்று அடுக்குவார். டெக்கின் பக்கமும் அவ்வாறே அடுக்குகிறது. இக்காலத்து யூனிகோடு முறையோ ஒலியைப் பின்பற்றுவது. அதில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். இதை நிரலே செய்துவிடும். அதனால் செய்ய முடியாதது ஒன்றுண்டு. ஒளகாரக் குறியின் பின்பாதிக்கு அந்த இளைஞன் தனி எழுத்து வரையவில்லை, ‘ள’வையே வைத்திருந்தான். ஈய அச்சிலும் இவ்வழக்கம் இருந்ததே. அவனைக் குறை சொல்வதற்கில்லை. விளைவைப் பாருங்கள்: கொம்பு, ‘வ’, ‘ள’ என்ற மூன்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. வௌவால் மீனின் பெயரும் அப்படித்தான் தொடங்குகிறது. விளக்கைப் பேச்சில் வெளக்கு என்பார்களே, அதுவும் அப்படித்தான் தொடங்குகிறது. முன்னதில் அவை ஓரெழுத்து, பின்னதில் ஈரெழுத்து. தாளில் இரண்டும் ஒன்றே. அகராதியில் மட்டும் வேறு வேறு பக்கத்தில் நிற்க வேண்டியவை.

பெரும்பாலானவற்றை அறிந்த சொற்களாதலால் பிரித்துவிட்டேன். பதினொரு சொற்கள் எனக்கு விளங்கவில்லை. பொருள் எழுதியிருந்தது, ஒலிதான் தெரியவில்லை. அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குச் சென்றேன். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சொல்லைப் படிக்காமல் பொருளை மட்டும் சொன்னேன். “அதுக்குப் பேரு இருக்கு சார், இருங்க” என்று அவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்பார். அவர் இன்னொருவரை அழைப்பார். பொழுது சாய்வதற்குள் ஒன்பது சொற்களின் ஒலி கிடைத்தது. மற்ற இரண்டையும் அறிந்தவர் அங்கு ஒருவருமில்லை. இப்போது அச்சுக்குப் போகவிருக்கும் படியில் அவ்விரண்டையும் இரு இடத்திலும் சேர்த்து, பக்கத்தில் வினாக்குறி இட்டிருக்கிறேன்.