சோறே விருந்தாகும் ஜப்பானிய உணவகம்

பிள்ளைப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். இன்று அவ்வூரின் பெயரைத் தாங்கிச் சிப்காட் தொழிற்பேட்டை இயங்குகிறது. அடுத்துள்ள ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் மோட்டார்த் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானியப் பொறியாளர் பலர் வந்து பணிபுரிகின்றனர். அவர்தம் நாட்டு உணவைச் சமைத்தளிக்கும் விடுதிகளும் தோன்றியுள்ளன. அவ்வுணவு என்றதும் பலர் மீனையே நினைப்பர். நெல் விளைவிக்கும் நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய சோற்றையேயாகும்.

ஜப்பானிய மொழியில் 'கோஹன்' என்னும் ஒரே சொல் சோற்றையும் வேளை உணவையும் குறிக்கிறது. 'சூஷி' என்பதும் மீனின் பெயரன்று. காடி கலந்து பக்குவம் செய்த சோற்றையே அச்சொல் குறிக்கும். ஒரு சாதாரணச் சாப்பாட்டில் சிறு கிண்ணத்தில் வெண்சோறு, சோயா மொச்சையைப் புளிக்கச் செய்த 'மிஸோ' கலந்த சாறு, ஊறுகாய், சுட்ட மீன் அல்லது காய்கறி ஆகியவை தனித்தனியே வைக்கப்படும். சோற்றின் மேல் குழம்பு ஊற்றிப் பிசைவதில்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சோற்றைத் தனியாகவே சுவைப்பர். ஆகவே சோற்றில் குறையிருந்தால் அதனை மறைக்க வேறொன்றும் இல்லை.

அச்சோறு ஒட்டும் காரணம்

அரிசியின் மாவுப் பொருளில் அமைலோஸ் என்பது ஒரு வகை. அது மிகுந்தால் சோறு உதிரும், குறைந்தால் ஒட்டும். நம் இரகங்களிற் பெரும்பாலானவற்றில் அது 20 சதவீதத்திற்கு மேற்பட்டது. ஜப்பானின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி இரகத்தில் ஏறத்தாழ 17 சதவீதமே. அந்தக் குட்டையான பச்சரிசியை விரைவாகக் களைந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற வைப்பர். பிறகு அரிசியின் அளவைவிடச் சற்றே கூடுதலான நீர் வார்த்து, மூடி வேக வைப்பர். கஞ்சி வடிப்பதில்லை. அடுப்பை அணைத்த பின்னும் பத்து நிமிடம் மூடியைத் திறவாமல் ஆவியில் அடங்க விடுவர். குச்சிகளால் எடுத்து உண்ண இயல்வது இவ்வொட்டும் தன்மையால்தான்.

இச்சோற்றையே தலைமைப் பண்டமாகக் கொண்ட உணவகங்களும் ஜப்பானில் உள்ளன. கியோத்தோ நகரின் கியோன் பகுதியில் உள்ள 'ஹாச்சிதைமே கிஹேய்' அவற்றுள் ஒன்று. 'எட்டாந் தலைமுறை கிஹேய்' என்பது அப்பெயரின் பொருள். 1787ஆம் ஆண்டு முதல் அரிசி விற்று வரும் குடும்பத்தாரே அதனை நடத்துகின்றனர். அங்கு மண்பானையில் வடித்தெடுக்காமல் சமைத்த சோறே சிறப்பு. மற்றவை அதற்குத் துணை. இது தனியார் வணிகமேயன்றிக் கூட்டுறவு அன்று. ஆயினும் சோற்றுக்கெனவே விலை கொடுத்து உண்போர் அந்நாட்டில் எவ்வாறு உருவாயினர் என்பது நாம் ஆராயத் தக்கது.

பெயர் பெற்ற நெல்

கோஷிஹிகாரி 1944இல் நீகாத்தாவில் ஒட்டுச் சேர்க்கப்பட்டு, ஃபுக்குயியில் வளர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1956இல் பதிவு பெற்றது. அதன் தண்டு மெலிந்தது, எளிதில் சாயும். குலைநோயும் அதனை எளிதில் தாக்கும். எனினும் சுவையின் பொருட்டு உழவர் அதனைக் கைவிடவில்லை. 1979 முதல் அந்நாட்டில் மிகுந்த பரப்பிற் பயிராவது அதுவே. 1962இல் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 118 கிலோ அரிசி உண்ட ஜப்பானியர் அண்மை ஆண்டுகளில் 50 கிலோ அளவே உண்கின்றனர். உண்ணும் அளவு சுருங்கியபோது, அளவை நம்பியிருந்த உழவருக்கு இரகமும் ஊர்ப்பெயரும் துணை நின்றன.

அப்பெயரைக் காப்பதில் கூட்டுறவுக்குப் பெரும் பங்குண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 'நோக்யோ' எனும் வேளாண்மைக் கூட்டுறவுகள் அங்கத்தினரின் நெல்லை இரகவாரியாகப் பெற்று உலர்த்திச் சேமிக்கின்றன. உமி மட்டும் நீக்கிய அரிசியாகவே அதனைக் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்து, விற்கும் தறுவாயில் தீட்டுவதே வழக்கம். தீட்டிய அரிசி நாட்படச் சுவை குன்றும் என்பதே காரணம். மூட்டையில் விளைந்த இடம், இரகம், விளைந்த ஆண்டு, தீட்டிய காலம் ஆகியவை அச்சிடப்படும். 2011 முதல் உணவகங்களும் தாம் பரிமாறும் சோற்றின் அரிசி எங்கு விளைந்தது என்பதை உண்போர்க்குத் தெரிவித்தல் கடமையாயிற்று.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு

நெல் விஷயத்தில் ஜப்பான் நமக்குப் புதிதன்று. 1953இல் நாடெங்கும் பரப்பப்பட்ட 'ஜப்பான் முறை நெல் சாகுபடி'யை மூத்த அங்கத்தினர் கேள்வியுற்றிருப்பர். மேட்டுப்பாத்தி நாற்றங்கால், கயிறு பிடித்து வரிசை நடவு, சுழல் களைக்கருவி ஆகியன அதன் அங்கங்கள். பின்னர் 1960களின் நடுவில் தஞ்சையிற் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானிய நோரின் 10 இரகத்தையும் கிச்சிலிச் சம்பா எனப்படும் ஜி.இ.பி. 24 இரகத்தையும் சேர்த்து உண்டாக்கியதே. மிகுதியாக விளைவிக்கும் வழியை அந்நாட்டிலிருந்து பெற்றோம். விளைந்ததைப் பெயரோடு விற்கும் வழியை இனித்தான் கற்க வேண்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குச் சன்ன இரகம், பொது இரகம் என்னும் இரண்டு பெயர்களே உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலை உழவருக்கு இன்றியமையாத காப்பு; அதில் ஐயமில்லை. ஆனால் தூயமல்லி விளைவித்தவரும் கிச்சிலிச் சம்பா விளைவித்தவரும் அவ்வாயிலில் தம் நெல்லின் பெயரை இழக்கின்றனர். தொழிற்பேட்டைகள் பெருகி வயல் சுருங்கிய வட்டாரத்தில் அளவினால் போட்டியிடல் இயலாது. எஞ்சிய ஏக்கர்கள் பிழைக்கப் பெயரே வழி.

இதற்குப் பெருமுதல் தேவையில்லை. பத்து அங்கத்தினர் ஒரே இரகத்தைத் தூய விதையில் பயிரிடலாம். ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு இறங்கும்வரை நெல்லை உலர்த்தி, சங்கக் கிடங்கில் தனி அடுக்காக வைக்கலாம். மாதந்தோறும் தேவைக்கேற்ப மட்டும் அரைத்து, ஊர், இரகம், ஆண்டு, அரைத்த நாள் ஆகியவற்றைப் பையில் அச்சிடலாம். தொழிற்சாலை உணவுக்கூடங்களும் விடுதிகளும் அருகிலேயே இருத்தலின் வாங்குவோரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிடைக்கும் கூடுதல் விலையை அவரவர் அளித்த நெல்லின் அளவுக்கேற்பப் பிரித்தளித்தல் கூட்டுறவு நெறி.

ஒரு கண்டிப்பு மட்டும் தேவை. ஒருவர் வேற்று நெல்லைக் கலந்தாலும் பத்துப் பேரின் பெயரும் கெடும். நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. போலிச் சரிகை ஒன்று ஊரின் பெயருக்கே எத்துணைக் கேடு செய்யும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். அவர்தம் அனுபவத்தை அண்டை வீட்டு உழவர் கேட்டறிந்து தொடங்குவாராயின், அடுத்த சம்பா அறுவடையிலேயே முதல் மூட்டைக்குப் பெயரிடலாம்.