மலிவு விலைப் பாய்மரப் படகு: வாங்குமுன் கரையேற்றிப் பார்ப்பதே நலம்

"விற்பனைக்கு: 38 அடி நீளப் பாய்மரப் படகு. 1986இல் கட்டப்பட்டது. டீசல் இஞ்சின், இரண்டு படுக்கையறை, சமையலிடம், கழிவறை உண்டு. மூன்று பெருங்கடல்களைக் கண்ட படகு. உரிமையாளர் தாயகம் திரும்புவதால் உடனடி விற்பனை."

லங்காவித் தீவின் படகுத் துறைகளில் ஒட்டப்படும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தத் தோரணையில்தான் இருக்கும். சில படகுகளுக்குக் கேட்கப்படும் தொகை, ஒரு புதிய காரின் விலையைத் தாண்டுவதில்லை. கார் வாங்கும் பணத்தில் கடலில் மிதக்கும் வீடே கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? குறிப்பாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் வயதில் இந்த ஆசை பலரைப் பற்றிக்கொள்கிறது.

ஆசையில் தவறில்லை. ஆனால் நாற்பது வயதான ஒரு படகு ஏன் இவ்வளவு மலிவாக விற்கப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பதுதான் தவறு.

லங்காவியில் ஏன் இத்தனை படகுகள்?

லங்காவி 1987இல் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. சூறாவளி வீசும் கடற்பகுதிகளுக்கு அப்பால் இருப்பதால், படகுகளை ஆண்டு முழுவதும் நிறுத்தி வைக்க ஏற்ற இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியத் தீவுகள் வழியாக வரும் நெடும்பயணப் படகுகள் இங்கே வந்து இளைப்பாறுவது வழக்கம். மலேசியாவின் அஸார் மன்சோர் 1999இல் தனியாளாக உலகைச் சுற்றிவரப் புறப்பட்டதும் இத்தீவிலிருந்துதான்.

இங்கு வந்து சேர்ந்த பலருக்கு அடுத்த கட்டப் பயணம்தான் சிக்கலானது. இந்தியப் பெருங்கடலைக் கடந்து, செங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குப் போவதுதான் பழைய பாதை. சோமாலியக் கடற்கொள்ளையர்களால் அந்தப் பாதை ஆபத்தானது. 2011 பிப்ரவரியில் 'குவெஸ்ட்' என்ற பாய்மரப் படகு அரபிக்கடலில் கடத்தப்பட்டு, அதிலிருந்த அமெரிக்கர் நால்வரும் கொல்லப்பட்டனர். அதன் பிறகு பலர் அந்தப் பக்கம் போகும் எண்ணத்தையே கைவிட்டனர். 2020இல் கோவிட் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது, ஊருக்குப் போயிருந்த உரிமையாளர்கள் பலரால் தங்கள் படகுக்குத் திரும்பி வர முடியவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின.

இவற்றோடு முதுமை, நோய், துணைவரின் மறைவு ஆகியவையும் சேரும்போது, படகு விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஆக, விலை குறைவு என்பதற்காக விற்பவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு அவசரம் இருக்கலாம். ஆனால் அந்த அவசரத்துக்கு முன்பே சில ஆண்டுகள் அந்தப் படகு கவனிப்பாரற்று வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கக்கூடும். அந்த ஆண்டுகளில் செய்யாமல் விட்ட வேலைகளின் செலவு எங்கும் போய்விடவில்லை. அது படகிலேயே இருக்கிறது. வாங்குபவர் படகோடு சேர்த்து அந்தச் செலவையும் வாங்குகிறார்.

நீருக்கு அடியில் இருப்பது என்ன?

தண்ணீரில் நிற்கும் படகைப் பார்த்து விலை பேசுவது, மூடிய பெட்டியை விலை பேசுவது போன்றது. படகைக் கரையேற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

1960ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு கட்டப்பட்ட இவ்வகைப் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையால், அதாவது 'ஃபைபர்கிளாஸ்' கொண்டு செய்யப்பட்டவை. மரத்தைப் போல் இது செல்லரிப்பதில்லை. ஆயினும், பல ஆண்டுகள் நீரிலேயே கிடந்தால் மேற்பூச்சின் ஊடாக ஈரம் மெல்ல உள்ளே இறங்குகிறது. அதனால் படகின் அடியில் சிறு கொப்புளங்கள் கிளம்புகின்றன. ஒன்றிரண்டு கொப்புளங்கள் பெரிய குறை அல்ல. அடிப்பகுதி முழுவதும் அம்மை போட்டது போல் இருந்தால், பூச்சைச் சுரண்டி, மாதக்கணக்கில் உலர வைத்து, மீண்டும் பூச வேண்டியிருக்கும். மழை அதிகமுள்ள நம் வட்டாரத்தில் உலர்த்துவதே பெரும்பாடு.

கொப்புளத்தைவிட முக்கியமானது, படகின் அடியில் இறங்கி நிற்கும் எடைக்கட்டை. ஈயத்தாலோ இரும்பாலோ ஆன இந்தக் கட்டையே காற்று படகைச் சாய்க்கும்போது அதை நிமிர்த்துகிறது. பல படகுகளில் இது பெரிய போல்ட்டுகளால் உடற்பகுதியோடு முடுக்கப்பட்டிருக்கும். படகு எப்போதாவது பாறையிலோ திட்டிலோ தட்டியிருந்தால், வெளியே கீறல் தெரியாமலே உள்ளே இணைப்பு விட்டுப்போயிருக்கலாம்.

2014 மே மாதம் 'சீக்கி ராஃபிக்கி' என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே இந்த எடைக்கட்டையை இழந்து கவிழ்ந்தது. அதில் சென்ற நான்கு பிரிட்டிஷ் மாலுமிகளும் மாண்டனர். முன்பு தரைதட்டியதும், அதன் பிறகு செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து படகைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு தெரிவித்தது. எனவே, "இது எப்போதாவது தரைதட்டியதா?" என்று விற்பவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குவது இன்னும் நல்லது.

லங்காவியில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் படகாக இருந்தால் மற்றொரு கேள்வியும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி, இத்தீவின் ரெபாக், தெலாகா படகுத் துறைகளையும் தாக்கியது. அன்று அந்தப் படகு எங்கே இருந்தது, அதற்குப் பிறகு என்ன பழுது பார்க்கப்பட்டது என்று விசாரிப்பது அவசியம்.

பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும்

பாய்மரம் தன் பலத்தால் மட்டும் நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளே அதை நிறுத்தி வைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், உப்பு நீர் தேங்கும் இடுக்குகளில் அதுவும் அரிக்கும். கம்பியின் கீழ்முனையில், அது பிடிப்புக்குள் நுழையும் இடத்தில்தான் இந்த அரிப்பு தொடங்குகிறது. ஒரு கம்பி அறுந்தால் முழுப் பாய்மரமும் சாயக்கூடும்.

இந்தக் கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இருந்தால் நம்பலாம். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்து விலை பேசுவதே பாதுகாப்பு.

மேல்தளமும் கவனிக்கத்தக்கது. பல படகுகளில் இரு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே மென்மரம் வைத்து மேல்தளம் செய்யப்பட்டிருக்கும். திருகாணி ஓட்டைகள் வழியே மழைநீர் இறங்கினால் அந்த மரம் உளுத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும் தேக்குப் பலகைத் தளத்தில் நூற்றுக்கணக்கான திருகாணிகள் இருக்கலாம். அத்தனையும் நீர் இறங்கும் வழிகள். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் 'டங்' என்ற கணீர் ஓசையும், உளுத்த இடத்தில் மந்தமான ஓசையும் கேட்கும்.

இஞ்சினும் உள்ளறையும்

பாய்மரப் படகுக்கு இஞ்சின் எதற்கு என்று சிலர் எண்ணலாம். மலாக்கா நீரிணையில் பல நாட்களில் காற்றே இருப்பதில்லை. கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் அந்தப் பாதையில் இஞ்சின் நின்றுவிட்டால் நிலைமை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதனைக்குப் போகும்போது இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வாங்குபவர் வருமுன்பே விற்பவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மற்றொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். குளிர்ந்த இஞ்சின் எளிதில் பற்ற வேண்டும். புகை நீல நிறமாக இருந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்பாக இருந்தால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாய் வழியே தாராளமாக வெளியேறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடவும் வெளியேற்றவும் பல ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு இருக்கும். கையால் திறந்து மூட முடியாத வால்வு, வால்வே அல்ல. சாதாரணப் பித்தளை வால்வைச் சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள். அது ஒரு நாள் கையோடு உடைந்து வரும்.

சமையல் எரிவாயு மற்றோர் ஆபத்து. அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேற வாய்ப்புண்டு. படகில் கசிந்தால் அடித்தளத்தில் இறங்கித் தேங்கிவிடும். பிறகு ஒரு சிறு தீப்பொறியே போதும். எனவே பழைய எரிவாயுக் குழாய்களைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும்.

இடி மின்னல் மிகுந்த வட்டாரம் இது. படகை மின்னல் தாக்கியதுண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. ஒரே மின்னலில் வானொலி, ஆழம் காட்டும் கருவி, மின்கம்பிகள் என எல்லாம் கருகிப் போகலாம்.

படகோடு வரும் கடன்

வீடு வாங்கும்போது பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. படகு வாங்கும்போது மட்டும் கைகுலுக்கலோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு.

கடல்சார் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாலுமிகளுக்குத் தராத சம்பளம், கடலில் படகைக் காப்பாற்றியவருக்குத் தர வேண்டிய தொகை போன்ற சில பாக்கிகள், உரிமையாளர் மாறினாலும் படகை விட்டுப் போவதில்லை. துறைக் கட்டணம் பாக்கி இருந்தால், அதைக் கட்டும்வரை படகை வெளியே விட நிர்வாகம் மறுக்கலாம்.

எனவே பதிவுச் சான்றிதழ், விற்பவருக்கு முன்பு இருந்தவர்களின் விற்பனைப் பத்திரங்கள், படகின் உடலில் பொறித்த எண், துறை நிர்வாகம் தரும் 'பாக்கி இல்லை' என்ற கடிதம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்நியக் கொடியின்கீழ் பதிவான படகாக இருந்தால், அந்தப் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றும் தேவைப்படும்.

லங்காவி தீர்வையற்ற தீவுதான். அங்கு வாங்கிய படகை மலேசியர் ஒருவர் பினாங்குக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ கொண்டுவந்து வைத்துக்கொண்டால் அந்தச் சலுகை தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது. சுங்க இலாகாவிடமும் கடல்துறை இலாகாவிடமும் முன்கூட்டியே எழுத்தில் விளக்கம் பெற வேண்டும். சிங்கப்பூருக்குக் கொண்டுபோவதானால் பொருள் சேவை வரி நினைவில் இருக்கட்டும். 2024 முதல் அது 9 விழுக்காடு.

விலை குறையும், நீளம் குறையாது

படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஆகும் என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. அதன்படி ஒரு லட்சம் ரிங்கிட் படகுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரிங்கிட் ஒதுக்க வேண்டும். பழைய படகுக்கு இந்தக் கணக்கு போதாது.

காரணம் எளிது. துறைக் கட்டணம், கரையேற்றும் கூலி, அடிச்சாயம், பாய், கம்பி ஆகிய அனைத்துச் செலவும் படகின் அளவைப் பொறுத்தவை. விலை பாதியாகக் குறைந்தாலும் 38 அடிப் படகு 38 அடியாகத்தான் இருக்கும். மலிவாக வாங்கியவர் என்பதற்காக எந்தத் துறையும் கட்டணத்தைக் குறைப்பதில்லை. ஓய்வூதியக்காரர்கள் பலர் இடறி விழும் இடம் இதுதான். சேமிப்பு முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிட்டு, கம்பி மாற்றப் பணமில்லாமல் நிற்கின்றனர். சில ஆண்டுகளில் அவர்களுடைய விளம்பரமும் அதே அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடுகிறது.

வாங்க விரும்புவோர் செய்ய வேண்டியது

விலை பேசி முடித்தபின் பத்து விழுக்காடு முன்பணம் கொடுப்பது வழக்கம். படகு, சோதனையிலும் கடல் ஓட்டத்திலும் தேறினால் மட்டுமே விற்பனை உறுதியாகும் என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தேறாவிட்டால் முன்பணம் திரும்பி வர வேண்டும்.

சோதனை செய்யும் நிபுணரை வாங்குபவரே தேர்ந்தெடுத்து, அவரே கூலி கொடுக்க வேண்டும். விற்பவரோ தரகரோ காட்டும் பழைய அறிக்கையை நம்பி இறங்கக் கூடாது. பழைய படகுகளுக்குக் காப்புறுதி நிறுவனங்களும் கரையேற்றிச் செய்த புதிய சோதனை அறிக்கையைக் கேட்பது வழக்கம். அறிக்கையில் காணும் குறைகளுக்குப் பட்டறையில் விலை கேட்டு, அந்தத் தொகையைப் படகின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அதுவே உண்மையான விலை.

அந்தத் தொகை கைக்கு அடங்கவில்லையா? சோதனைக்குச் செலவழித்த பணம் போகட்டும் என்று விலகி வந்துவிடுவதே புத்திசாலித்தனம். அந்தப் பணம் வீண் அல்ல. கைச்சேமிப்பையும், ஒருவேளை உயிரையும் காப்பாற்றிய பணம் அது.

எல்லாப் பழைய படகும் மோசமானது என்பதில்லை. நன்கு பராமரிக்கப்பட்ட நாற்பது வயதுப் படகு, கவனிக்காமல் விட்ட பத்து வயதுப் படகைவிடப் பல மடங்கு மேலானது. முறையாகச் சோதித்து வாங்கியவர்கள் பினாங்குக்கும் பங்கோருக்கும் குடும்பத்தோடு பாய் விரித்துச் செல்லும் நாட்கள், அவர்கள் பட்ட பாட்டுக்கு ஈடாக அமைகின்றன.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. படகு வாங்குபவர் அறிய வேண்டிய ஆழம் கடலில் மட்டும் இல்லை. படகின் அடியிலும், அதன் பத்திரங்களிலும், தம் சொந்தக் கையிருப்பிலும் இருக்கிறது. இவை மூன்றையும் கரையில் நிற்கும்போதே அளந்து பார்த்துவிட வேண்டும்.