எதிரே வண்டி வராத பாதை!

மோட்டார் சைக்கிள் வாங்கிய வாலிபருக்கு ஓர் ஆசை உண்டு. "வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்று பார்த்துவிடும் ஆசை. பலர் அதை இரவில், ஊர்ச் சாலையில் பார்க்கிறார்கள். குறுக்கே மாடு வரும். அல்லது லாரி திரும்பும். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி!

அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைதான் அது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சோழவரத்தில், உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது.

பரிசு கிடையாது

பந்தயம் இல்லாத சில நாட்களில், பணம் கட்டிவிட்டுச் சொந்த வண்டியை இங்கே ஓட்டலாம். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். முந்தினால் பரிசு கிடையாது. புதியவர்களைத் தனிக் கூட்டமாக விடுவார்கள். எல்லோரும் ஒரே திசையில்தான் போகவேண்டும். எதிரே யாரும் வரமாட்டார்கள்!

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. விழுந்தால் இங்கும் எலும்பு முறியும். ஆகவே முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தடித்த தோல் உடுப்பு, கையுறை, பூட்ஸ் எல்லாம் வேண்டும். இவை இல்லாதவர் வேடிக்கைதான் பார்க்கலாம்.

பின்னால் பார்க்காதே!

பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றுவார்கள், அல்லது டேப் ஒட்டி மூடுவார்கள். கண் முன்னால்தான் இருக்கவேண்டும். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும்!

பின்னால் வருகிறவரைப் பற்றிக் கொடி சொல்லும். நீலக் கொடி என்றால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பிவிட வேண்டும்.

புதியவர் பெரும்பாலும் தடுமாறுவது பிரேக்கில்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! 60 கிலோ மீட்டர் வேகத்தில் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 120-ல் சுமார் 80 மீட்டர் ஓடும். அதனால் முதல் சில சுற்றுகள் மெதுவாகவே போகவேண்டும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசைந்தால் ஓட்டம் முடிந்தது. பாதையில் ஓட்டுவதற்காக டயர் காற்றைக் குறைத்திருந்தால், மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை மறக்காமல் பொருத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகும் சாலையில் மாடும் உண்டு, லாரியும் உண்டு.